கொரங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லை அடையாளம் காண்பது எப்படி?

காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொரங்காடுகளில் (முள்வேலி அடைத்த மேய்ச்சல் நிலங்களில்) மாட்டுக்கு முக்கியமான மேய்ச்சல் கொழுக்கட்டைப் புல்தான் (செங்க்ரஸ் சிலியாரிஸ்). விதை சேகரிக்கப் போகிறவர்கள் கதிரை மட்டும் தூரத்திலிருந்து பார்த்து, ஒருபருவப் புல்லை உருவி வந்துவிடுவதுண்டு. அதை விதைத்தால் முதல் மழைக்குப் பச்சையாகத்தான் இருக்கும். கோடையில் தூரோடு காய்ந்துபோகும்.

மழைக்குப் பின் கதிர் தள்ளி நிற்கும் நாட்களில் போங்கள். மாடு கடித்த செடியில் கதிர் இருக்காது, இலையை வைத்து மட்டும் முடிவு சொல்ல முடியாது. வேலியோரத்திலும் முள்ளுக்குள்ளும் தேடினால் முழுக்கதிர் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் அளவுகோலும், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸும் போதும்.

முதலில் அடித்தூர். மண்ணை விரலால் விலக்குங்கள், செடியைப் பிடுங்க வேண்டாம். கொழுக்கட்டை பல்லாண்டுப் புல், அதனால் அடி முடிச்சுமுடிச்சாகத் தடித்து, கெட்டியாக இருக்கும். போன வருஷத்துச் சாம்பல்நிறத் தாள்கட்டைகளுக்கு நடுவிலிருந்து புதுத்தளிர் வந்திருக்கும். எல்லாத் தண்டும் ஒரே வயதில் பச்சையாக, லேசாக இழுத்தாலே வேரோடு வந்தால் அது வேறு புல். தண்டு அடிக்கணுவில் முழங்கால்போல் மடங்கி நிமிரும். இலையும் இலையுறையும் சேரும் இடத்தில் சவ்வு நீண்டிருக்காது, குட்டையான மயிர்வரிசை தெரியும்.

உறுதி செய்வது கதிர்தான். உருளை வடிவம், பொதுவாக 2 முதல் 14 செ.மீ. நீளம். நிறத்தை நம்பாதீர்கள்: வைக்கோல்நிறம், சாம்பல், ஊதா எல்லாம் ஒரே இனத்தில் வரும். கதிரில் மணியும் அதைச் சுற்றிய மயிர்முட்களும் சேர்ந்த ஒரு கொத்தை நகத்தால் கிள்ளி லென்ஸில் பாருங்கள். மயிர்முட்கள் மென்மையாக, வளைந்து நெளிந்து இருக்கும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக நீளம். உள்வட்டத்து முட்களின் கீழ்ப்பாதியில் நுண்மயிர் படர்ந்திருக்கும். அவை ஒட்டியிருப்பது அடியில் மட்டும், சிறு தட்டுபோல.

இந்த ஒட்டும் இடம்தான் முக்கியம். செங்க்ரஸ் செட்டிஜெரஸ் என்ற நெருங்கிய இனத்தில் உள்முட்கள் தட்டையாக, விறைப்பாக, ஏறக்குறைய பாதி உயரம்வரை ஒன்றோடொன்று ஒட்டிக் கிண்ணம்போல் ஆகியிருக்கும். அதுவும் பல்லாண்டுப் புல், மாடும் தின்னும். ஆனால் விதையைத் தனியே வையுங்கள்.

ஒட்டுப்புல் (செட்டாரியா வெர்டிசில்லாட்டா) என்ற ஒருபருவப் புல்லைப் பிரிக்க லென்ஸ்கூட வேண்டாம். பழுத்த கதிரை உருவிப் பாருங்கள். கொழுக்கட்டையில் முள்ளும் மணியும் கொத்தாகவே கழன்று வரும், நடுக்காம்பு மொட்டையாகிவிடும். ஒட்டுப்புல்லில் மணி மட்டும் உதிரும், முட்கள் காம்பிலேயே நிற்கும். அந்த முட்களில் பின்னோக்கிய கொக்கிகள் உண்டு. கதிரும் கதிரும் சிக்கிக்கொள்ளும், வேட்டியைக் கவ்வும்.

சந்தேகம் வந்தால் அந்தத் தூரில் ஒரு துணி கட்டிவிட்டு, கோடை கழிந்த முதல் மழைக்குப் பிறகு பாருங்கள். பழைய தூரிலிருந்தே துளிர்த்திருந்தால் பல்லாண்டுப் புல் என்பது உறுதி. சேகரித்த கொத்துகளை நிழலில் உலர்த்திச் சில மாதங்கள் வைத்திருந்து விதையுங்கள். புது விதைக்கு உறக்கம் உண்டு, உடனே தூவினால் சரியாக முளைக்காது.