சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கூடம் செய்யும் தவறுகள்

“பீட்ரூட்டை முழுசா சாப்பிட்டா சாக்லேட் தருவேன்.” தொடக்கப்பள்ளிகளில் நல்ல மனதோடு செய்யப்படும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். பீட்ரூட் ஒரு தண்டனை, சாக்லேட்தான் பரிசு என்று பிள்ளை பிடித்துக்கொள்ளும், நாளைக்கு சாக்லேட் இல்லை என்றால் பீட்ரூட்டும் உள்ளே போகாது. தட்டைக் காலி பண்ணாமல் எழுந்திருக்காதே என்று மிரட்டி உட்கார வைத்தாலும் இதே கதைதான்.

இன்னொன்று, ஒரு தடவை கொடுத்துப் பார்த்துவிட்டு “அவனுக்குக் காயே பிடிக்காது” என்று முடிவு கட்டுவது. புதுக் காய் ஒன்று சின்னப் பிள்ளையின் நாக்குக்குப் பழக பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம், அதுவரை பிரசங்கம் எதுவும் இல்லாமல் ஒரு சின்னக் கரண்டி வைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். சத்துணவில் சாம்பார் சாதம் போடும் நாளில் தட்டுகளைப் பாருங்கள், கேரட், கத்தரிக்காய், கறிவேப்பிலை எல்லாம் ஓரத்தில் வரிசையாக ஒதுங்கிக் கிடக்கும். காயைப் பொடியாக நறுக்கிக் குழைய வேகவிடச் சொல்லி சமையல் அக்காவிடம் பேசினாலே பாதி உள்ளே போய்விடும். பரிமாறும் முன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதை ஒரு வாய் வைத்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போடுவதோடு முடித்துக்கொள்ளாமல், வாரத்தில் ஒரு நாளாவது அதே சாப்பாட்டை வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து சாப்பிடலாமே. டீச்சர் கீரையைப் பிசைந்து சாப்பிடுவதைப் பார்க்கிற பிள்ளைக்கு இரும்புச்சத்து பாடம் தனியாகத் தேவைப்படாது.

தனியார் பள்ளிகளில் நடக்கும் ஒரு கொடுமை, வகுப்பு நடுவே டிபன் டப்பாவைத் திறக்கச் சொல்லி “இதுதான் உங்க அம்மா கொடுத்துவிட்டாங்களா?” என்று கேட்பது. அந்த டப்பாவைக் கட்டியது குழந்தை இல்லை. விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற அம்மா கையில் கிடைத்ததைப் போட்டு அனுப்பியிருப்பார். சொல்ல வேண்டியதைப் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள், அதுவும் அவர்கள் வாங்கக்கூடியதாகச் சொல்லுங்கள். சுவரில் ஒட்டும் சார்ட்டில் ஆப்பிளும் பிராக்கோலியும் ஓட்ஸும் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவித்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கொய்யா, முருங்கைக்கீரை எல்லாம் இந்த ஊரில்தானே கிடைக்கிறது!

காலையில் டீயும் பிஸ்கட்டும்தான் என்றால் அதையும் பேச வேண்டும். சாப்பாட்டோடு டீ குடித்தால் உணவில் உள்ள இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று சூடாகவே கொடுக்கிறார்கள். தாமதமாக வரும் பிள்ளைக்கு அது கிடைக்காமல் போகிறது என்றால், திட்டுவதைவிட ஏன் தாமதம் என்று விசாரிப்பது உத்தமம்.

அப்புறம், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இலேயே விதி போட்டுவிட்டது. பெட்டிக்கடைக்காரரிடம் அதைச் சொல்லிச் சண்டை போட்டுவிட்டு, உள்ளே வந்து ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வகுப்பு முழுக்க சாக்லேட் கொடுக்க விடுகிறோம். முப்பது பிள்ளைகள் என்றால் முப்பது பிறந்தநாள், கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று சீப்பு வாழைப்பழம் வாங்கி வரச் சொன்னால் போதும், பெரும்பாலும் செலவும் குறைவுதான்.