விவால்டியின் ‘லா நொட்டே’: வாசிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

‘லா நொட்டே’, அதாவது ‘இரவு’, இத்தாலிய இசையமைப்பாளர் அன்டோனியோ விவால்டி ஜி மைனர் என்ற இருண்ட சாயலுள்ள ஸ்வர வரிசையில் எழுதிய ஃப்ளூட் கான்செர்ட்டோ, அதாவது ஃப்ளூட் முன்னே நிற்க, குழு கூட வாசிக்கும் படைப்பு. இதில் முதல் தவறு ஒத்திகைக்கு முன்பே நடந்துவிடுகிறது. இந்தப் படைப்புக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. ஆர்வி என்பது விவால்டி படைப்புகளின் பட்டியல் எண். ஆர்வி 104 முந்தையது. ஃப்ளூட், இரண்டு வயலின், பஸூன் என்ற கனத்த குரல் ஊதுகருவி, அப்புறம் கன்டினுவோ, அதாவது செல்லோவும் ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகைக் கருவியும் தாங்கும் அடித்தளப் பகுதி. வயோலாவும் சேர்ந்த நரம்பிசைக் குழுவுக்காக மாற்றப்பட்டது ஆர்வி 439. இது 1729 வாக்கில் ஆம்ஸ்டர்டாமில் ஓபஸ் 10 தொகுப்பின் இரண்டாவது கான்செர்ட்டோவாக அச்சானது. எது கையில் இருக்கிறது என்று பார்க்காமல் தாள்களைக் கலந்துவிட்டால் ஒத்திகை நேரம் அதிலேயே போய்விடும்.

அடுத்தது, ஆட்களைக் கூட்டுவது. அந்தக் காலத்து ஃப்ளூட் மரத்தாலானது, ஒரே ஒரு சாவி கொண்டது, கீழ் ஸ்தாயியில் மெல்லிய குரல். அதை நினைத்து எழுதிய இசைக்குப் பின்னால் இருபது பேரை உட்காரவைத்தால் ஃப்ளூட்காரர் ஊதித் தள்ளத்தான் வேண்டும். பாகத்துக்கு ஒருவர் போதும். ஆனால் “செல்லோ இருக்கிறதே” என்று ஹார்ப்சிகார்டை விட்டுவிடாதீர்கள். ஹார்ப்சிகார்டின் ‘ஏ’ ஸ்வரம் பழைய இசைக்கு வழக்கமான 415 ஹெர்ட்ஸில் சுருதி கூட்டியதா, இன்றைய 440-இலா என்பதை முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஏறக்குறைய அரை ஸ்வரம் வித்தியாசம்.

தொடக்க லார்கோவில், அதாவது மெதுவான பகுதியில், டிரில்களை (அடுத்தடுத்த இரண்டு ஸ்வரங்களை மாறி மாறி வாசிப்பதை) எல்லாரும் ஒரே வேகத்தில் உதறுகிறார்கள். ஜெர்மன் ஃப்ளூட் கலைஞர் குவான்ட்ஸ் 1752-இல் பெர்லினில் வெளியிட்ட ஃப்ளூட் நூலில், சோகமான இசையில் டிரில் நிதானமாக வர வேண்டும் என்கிறார். எதிரொலிக்கும் பெரிய கூடத்திலும் அப்படியே. இருட்டு கவியும் இடத்தில் மின்சார மணி அடித்த மாதிரி டிரில் கேட்டால் எல்லாம் போச்சு.

இதில் ஆறு பகுதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையில் நிறுத்தி, தாளைத் திருப்பி, தொண்டையைச் செருமினால் லார்கோ கட்டிய பயம் கலைந்துவிடும். ‘ஃபன்டாஸ்மி’, அதாவது பேய்கள், அதன் வாலைப் பிடித்தே பாய வேண்டும். அதற்காக விரல் வித்தை காட்டும் வேகமும் வேண்டாம். ஸ்வரங்கள் குழம்பினால் பேயும் தெரியாது, இசையும் தெரியாது.

என் கணக்கில் பெரிய தவறு ‘இல் சொன்னோ’ என்ற உறக்கப் பகுதியில்தான். மெதுவான பகுதி என்றாலே அலங்காரம் சேர்க்கும் பழக்கம் பலருக்கு உண்டு. விவால்டி காலத்து பரோக் இசையில் பெரும்பாலும் அது சரியும்கூட. இங்கே கூடாது. விவால்டி தன் ‘இலையுதிர்கால’ கான்செர்ட்டோவில் குடித்துவிட்டுத் தூங்குபவர்களுக்கு எழுதிய இசையும் இதுவும் நெருங்கிய உறவு. நீண்ட ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசி, மெல்ல விலகுவதுதான் முழு விஷயமே. நரம்புக் கருவிகளுக்கு மியூட் என்ற ஒலிகுறைப்பானைப் போட்டு, ஸ்வரத்தை நடுங்கவைக்கும் விப்ராட்டோவைக் குறைத்து, ஸ்வரத்தை அப்படியே நிற்கவிடுங்கள். கை சும்மா இருக்காது என்றால் வயலின்காரர் வில்லின் வேகத்தைக் கவனிக்கட்டும்.

கடைசி வேகப் பகுதியான அலெக்ரோவைச் சிலர் விடியல் என்று நினைத்துக் குதூகலமாக வாசிக்கிறார்கள். அதுவும் ஜி மைனர்தான். அங்கே இன்னும் விடியவில்லை.