துணை போன பிறகு: மிஞ்சிய நாய்க்கும் பூனைக்கும் நாம் செய்யும் தவறுகள்

இரண்டு நாய் வளர்ந்த வீட்டில் ஒன்று இறந்துபோனால், மற்றது தட்டை முகர்ந்து பார்த்துவிட்டு வாசலில் போய்ப் படுத்துக்கொள்ளும். "பாவம், ஏங்குது" என்பார்கள் வீட்டில். ஏக்கமாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு விட்டுவிடுவதுதான் முதல் தவறு. உயிர்போகும் அளவுக்குக் கொண்டுவிடுவதும் அதுதான்.

இறந்த நாயும் இருக்கிற நாயும் ஒரே சாக்கில் படுத்தவை, ஒரே கிண்ணத்தில் குடித்தவை. ஒன்றின் மேல் இருந்த உண்ணி மற்றதன் மேலும் இருக்கும். முதல் நாய் உண்ணிக் காய்ச்சலில் போயிருந்தால், இரண்டாவதுக்கும் அந்த நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். அதன் ஆரம்ப அறிகுறியும் சோர்வு, பசியின்மைதான். காதுக்குள், விரலிடுக்கில், கழுத்து பெல்ட்டுக்கு அடியில் தேடுங்கள். ஈறு வெளுத்திருந்தாலோ, அடிவயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்து பிளேட்லெட் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால் எலிமருந்தையும் சந்தேகியுங்கள். ரத்தத்தை உறையவிடாத வகை மருந்து தின்ற நாய் முதல் சில நாட்கள் நன்றாகவே நடமாடும். பொதுவாக 3 முதல் 5 நாளில்தான் ரத்தக்கசிவு தெரியவரும். அதற்குள் மருத்துவர் வைட்டமின் கே கொடுத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். மழைக்காலத்து எலிக்காய்ச்சல் என்றால் வீட்டு மனிதர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் நாய்க்கும் பூனைக்கும் 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பு. 103-ஐத் தாண்டினால் அது துக்கமல்ல, காய்ச்சல். அதற்காக வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். மனிதர்களுக்கு எழுதித் தந்த தூக்க மாத்திரையும் வேண்டாம்.

சாப்பிடாமல் கிடந்தால் எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்க்கலாம் என்பது விலங்குக்கு விலங்கு மாறும். தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் ஆரோக்கியமான பெரிய நாய்க்கு அதிகபட்சம் 2 நாள். குட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது. பூனை 24 மணி நேரம் எதையும் தொடவில்லையென்றால் மருத்துவரிடம் போகவேண்டும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் கரைந்து கல்லீரலில் போய்ச் சேர்ந்து மஞ்சள் காமாலையில் கொண்டுபோய் விடும். முயல் 12 மணி நேரம் தின்னாவிட்டால் அதன் குடல் ஓட்டமே நின்றுபோகலாம். புழுக்கை சிறுத்துக் குறைவது அதற்கு முன்னறிவிப்பு. காதல் பறவையோ பட்ஜி என்கிற சின்னக் கிளியோ இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது. ஆண் பூனை விஷயத்தில் இன்னொன்று: மனஅழுத்தத்தில் மூத்திரப்பாதை அடைத்துக்கொள்வதுண்டு. மணல் பெட்டிக்குப் போய்ப் போய் முக்குகிறது, சொட்டுகூட வரவில்லை என்றால் நள்ளிரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் துக்கத்தைப் பற்றிப் பேசலாம். இத்தாலியில் 426 நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டு 2022-ல் வெளிவந்த ஆய்வில் 86 சதவீதம் பேர், கூட இருந்த நாய் இறந்தபின் மற்ற நாயின் நடத்தை மாறியதாகச் சொன்னார்கள். இரண்டும் எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தன என்பதைவிட எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதே முக்கியமாக இருந்தது. அமெரிக்காவின் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பு 1996-ல் நடத்திய ஆய்வின்படி, பழைய நிலைக்குத் திரும்ப 2 வாரத்திலிருந்து 6 மாதம் வரை ஆகிறது. இத்தனைக்கும் சில விலங்குகள் வருந்துவதே இல்லை. அடக்கி வைத்திருந்த நாய் போனதும் துள்ளிக் குதிக்கிற நாயும் உண்டு. அதைப் பார்த்து மனசு கசக்க வேண்டியதில்லை.

சாப்பாட்டில் நடக்கும் தவறு பாசத்தால் வருவது. தட்டைத் தொடவில்லை என்றதும் சிக்கன், அப்புறம் முட்டை, அப்புறம் பிஸ்கட், கடைசியில் கையால் ஊட்டல். நான்கே நாளில் நாய் ஒன்றைப் புரிந்துகொள்கிறது: மறுத்தால் நல்லது வரும். அதன் பிறகு துக்கம் தீர்ந்தாலும் பிடிவாதம் தீராது. வழக்கமான சாப்பாட்டையே வழக்கமான நேரத்தில் வையுங்கள். கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கலந்தால் வாசனை எழும். 20 நிமிடம் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைக்கு மறுபடி வையுங்கள். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பைச் சோற்றில் ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது. இரண்டும் நாய்க்கும் பூனைக்கும் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பூனைக்குத் தட்டை எடுத்துவிடும் வைத்தியம் பொருந்தாது. உணவை உடல்சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, சிறிது சிறிதாகப் பலமுறை வையுங்கள். வாயைத் திறந்து திணித்தால் அந்த உணவையே வெறுத்துவிடும்.

அடுத்தது கழுவித் தள்ளும் அவசரம். சாவு நடந்த வீடு என்று அன்றைக்கே படுக்கை, சாக்கு, பொம்மை எல்லாவற்றையும் துவைத்து, வீடு முழுக்க ஃபினாயில் ஊற்றுகிறார்கள். நாயும் பூனையும் மூக்கால் வாழும் பிராணிகள். அவற்றுக்குத் துணை ஒரே நாளில் இரண்டு முறை காணாமல் போகிறது. தொற்றுநோயில் இறக்கவில்லையென்றால் ஒரு துணியை மட்டும் துவைக்காமல் பழைய இடத்திலேயே விட்டுவையுங்கள். முகர்ந்து பார்ப்பது தானாகக் குறைந்த பிறகு எடுக்கலாம். பூனை வீட்டில் ஃபினாயிலே வேண்டாம். பாதத்தில் ஒட்டி, நக்கி, நஞ்சாகும்.

நாய்களுக்கு வாந்தியும் ரத்தப்பேதியுமாக வரும் பார்வோ என்ற வைரஸ் தொற்றில் இறந்திருந்தால் கதை வேறு. துணி, பொம்மை எதையும் வைத்திருக்கக் கூடாது. இதற்கும் ஃபினாயில் உதவாது, பிளீச்தான் வேண்டும். முதலில் சோப்புப் போட்டு அழுக்கைக் கழுவுங்கள். பிறகு வீட்டு உபயோக பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரை 10 நிமிடம் ஈரமாக இருக்கும்படி விட்டு, நல்ல தண்ணீரால் அலசுங்கள். காயும்வரை பிராணி உள்ளே வரவேண்டாம். ஆசிட்டோடு சேர்த்துவிடாதீர்கள். மண்தரையை இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. அங்கே அந்தக் கிருமி பல மாதங்கள் தங்கும்.

உடலைக் காட்டலாமா? தொற்று இல்லையென்றால் காட்டலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. முகர்ந்துவிட்டுப் போனால் போகட்டும், பக்கத்தில் படுத்தால் கொஞ்ச நேரம் படுக்கட்டும். ஜோடியாக வளர்ந்த முயல்களுக்கு ஓரிரு மணி நேரம் உடலோடு விடுவது வழக்கம். தோட்டத்தில் புதைப்பவர்கள் செய்யும் தவறு ஆழம் பற்றாமல் விடுவது. 3, 4 அடி தோண்டி, மேலே கனமான கல் வையுங்கள். இல்லையென்றால் மிஞ்சிய நாயே தோண்டும். ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்யப்பட்ட உடலில் மருந்து தங்கியிருக்கும் என்பதால் அது ஆபத்தும்கூட.

ஊளையிடும்போது தடவிக்கொடுத்தால் கெட்டுப்போகும் என்று சொல்வது பாதி சரி. பக்கத்தில் போய் அமைதியாக உட்கார்வதால் எதுவும் கெடாது. ஒவ்வொரு ஊளைக்கும் பிஸ்கட்டோடு ஓடுவதால்தான் கெடும். ஊளை வரும் நேரம் பெரும்பாலும் துணையோடு ஓடி விளையாடிய நேரமாகத்தான் இருக்கும். மாலை 5 மணிக்கு என்றால் 4.45-க்கே வெளியே கூட்டிப்போய்விடுங்கள். பிறந்ததிலிருந்து ஒரு நிமிடம்கூடத் தனியாக இருந்திராத நாயைப் பூட்டிவிட்டு முழுநாள் வேலைக்குப் போனால் கதவைப் பிறாண்டும், வீட்டுக்குள் மூத்திரம் போகும். ஒரு நிமிடம் வெளியே போய்த் திரும்புங்கள். பிறகு 3, 5, 10 நிமிடம் என்று கூட்டி அரைமணிக்குக் கொண்டுவாருங்கள். பழைய செல்போனில் வீடியோ ஓடவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியும்.

வயதான நாயிடம் தவறிப்போகும் விஷயம் ஒன்று உண்டு. அது வீட்டுக்குள் முட்டிக்கொள்கிறது, கூப்பிட்டால் வருவதில்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்கிறார்கள். உண்மையில் அதற்குக் கண்ணோ காதோ எப்போதோ போயிருக்கும். இத்தனை நாளும் மற்ற நாயின் பின்னால் நடந்தே சமாளித்திருக்கிறது. கண்ணெதிரே ஒரு பஞ்சு உருண்டையை மேலிருந்து போடுங்கள். பஞ்சு விழும் சத்தம் கேட்காது. பார்வை இருந்தால் தலை திரும்பும். பின்னால் நின்று தரை அதிராமல் கை தட்டினால் காது கேட்கிறதா என்பது தெரிந்துவிடும். பார்வை போயிருந்தால் நாற்காலி, கட்டில் எதையும் இடம் மாற்றாதீர்கள். தண்ணீர் கிண்ணம் பழைய மூலையிலேயே இருக்கட்டும்.

ஒரே வாரத்தில் புதுக் குட்டி வாங்கிவருவது பெரும்பாலும் நம் வெறுமைக்காகத்தான். 12 வயது நாய்க்கு 2 மாதக் குட்டி துணையல்ல, தொல்லை. சாப்பாடும் தூக்கமும் சீராகி, தெருவில் மற்ற நாயைப் பார்த்தால் வாலாட்டும் நிலை வரட்டும். முதல் சந்திப்பு வீட்டில் வேண்டாம், பொதுவான இடத்தில் இரண்டையும் இடைவெளி விட்டு நடத்திக்கொண்டு போங்கள். தட்டும் படுக்கையும் தனித்தனி. பூனைகளை வேறு வேறு அறையில் வைத்து, ஒன்றின் துணியை மற்றதிடம் கொடுத்து, வாசனை பழகிய பிறகே நேரில் காட்டுங்கள். அதற்கு ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். பார்வோ வந்த வீடென்றால் தடுப்பூசித் தவணை முழுவதும் முடிந்த நாயைத் தவிர வேறு எதையும் கொண்டுவராதீர்கள்.

முயலும் கினிப்பன்றியும் பட்ஜியும் இதற்கு விலக்கு. கூட்டமாக வாழும் இவற்றுக்கு நாள் கணக்கில் தனிமையே நோய். சுவிட்சர்லாந்தில் 2008-ல் வந்த விலங்குப் பாதுகாப்பு விதிகள் கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பதையே தடுக்கின்றன. இவற்றுக்குப் புதுத் துணையைச் சீக்கிரம் தேடலாம். வந்ததும் அதே கூண்டில் விடாமல், நோய் இருக்கிறதா என்று தெரியும்வரை வேறு அறையில் வையுங்கள். பட்ஜி கூண்டில் கண்ணாடி தொங்கவிட்டுத் துணை கொடுத்ததாக நினைக்கிறவர்கள் அதைக் கழற்றிவிடலாம். ஆண் பறவை தன் பிம்பத்துக்கு இரை கக்கி ஊட்டி ஊட்டி எடை குறைந்துபோகும்.