ஏற்றினால் மணக்கும் மெழுகுவர்த்தி: வீட்டிலேயே செய்வது எப்படி?

வாசனை மெழுகுவர்த்தி செய்துவிட்டு, ஏற்றிய பிறகு மணமே வரவில்லை என்பவர்கள்தான் அதிகம். ஆறின மெழுகை முகர்ந்தால் நன்றாகத்தான் மணக்கும், திரியைப் பற்றவைத்தால் ஒன்றும் இருக்காது. என்னை ரொம்ப நாள் அலைக்கழித்ததும் இதுதான். அதனால் அந்தக் கட்டத்தை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் பொருட்கள். கண்ணாடிக் குவளையில் ஊற்றுவதற்கான சோயா மெழுகு வாங்குங்கள். அச்சில் ஊற்றிக் கழற்றி எடுக்கும் மெழுகு வேறு வகை. 200 மில்லி தண்ணீர் பிடிக்கும் குவளைக்கு சுமார் 170 கிராம் மெழுகு போதும். டிஜிட்டல் தராசும் தெர்மாமீட்டரும் கட்டாயம் வேண்டும். அழகான குவளைக்குச் செலவழிக்கும் பணத்தை இந்த இரண்டில் போடுங்கள் என்பேன்.

வாசனைக்கு, மெழுகுவர்த்திக்கென்றே விற்கும் எண்ணெய் மட்டும். உடம்பில் அடிக்கும் சென்ட்டில் ஆல்கஹால் இருக்கிறது, அது குப்பென்று பற்றிக்கொள்ளும். கேக் எசன்ஸ் மெழுகோடு கலக்காது.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். அகலமான பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதற்குள் மெழுகுப் பாத்திரத்தை வையுங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் மெழுகின் சூடும் அதற்குள் அடங்கும். நேரடித் தீயில் அப்படி ஒரு வரம்பு கிடையாது. மெழுகு பால் மாதிரி பொங்கி எச்சரிக்காது. புகையத் தொடங்கிவிட்டால் தீப்பிடிக்கும் நிலைக்கு அருகில் வந்துவிட்டது என்று அர்த்தம். இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், திறந்த தீ இல்லை என்பதே பெரிய நிம்மதி.

பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடியைக் கையெட்டும் இடத்தில் வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். மெழுகு தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூடிவிடுங்கள். தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது. அது மெழுகுக்கு அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை மேலே தூக்கி வீசும்.

சரி, மணத்துக்கு வருவோம். மெழுகு 75 முதல் 80 டிகிரி வந்ததும் அடுப்பிலிருந்து இறக்கி எண்ணெயைச் சேருங்கள். பாக்கெட்டில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். மெழுகின் எடையில் 8 சதவீதம், அதாவது 170 கிராமுக்கு 14 கிராம் அளவில் ஆரம்பிக்கலாம். ஸ்பூன் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். அப்புறம் இரண்டு நிமிடம் முழுக்க, நுரை வராமல் மெதுவாகக் கிளறுங்கள். நாலு சுற்று சுற்றிவிட்டு நிறுத்தினால் எண்ணெய் அடியில் தங்கிவிடும். மெழுகு ஆறிப்போய்ச் சேர்த்தாலும் இதே கதைதான். எண்ணெய் சேர்த்த பிறகு அடுப்பிலேயே விட்டுவைத்தால் எலுமிச்சைப்புல் மாதிரி லேசான வாசனைகள் முதலில் பறந்துவிடும். மணம் போதவில்லை என்று எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. மெழுகு தாங்கும் அளவு தாண்டினால் மேற்பரப்பில் துளித்துளியாகக் கசிந்து நிற்கும், அது பற்றிக்கொள்ளும்.

55, 60 டிகிரிக்கு இறங்கியதும் குவளையில் ஊற்றுங்கள். திரியை முன்பே அடியில் ஒட்டி, துணிக் கிளிப்பால் நடுவில் நிறுத்தியிருக்க வேண்டும். குவளையின் அகலத்தைச் சொல்லித் திரி வாங்குங்கள். மெலிந்த திரி நடுவில் மட்டும் குழி பறிக்கும், உருகும் மெழுகு குறைவாக இருப்பதால் மணமும் குறையும். தடித்த திரி புகையும், குவளையையும் சுட வைக்கும்.

உடனே ஏற்றாதீர்கள். சோயா மெழுகை மூடி, ஒன்று இரண்டு வாரம் விட்டால்தான் மணம் நன்றாகப் பிடிக்கும். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

ஏற்றும்போது திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டி, மெழுகு விளிம்பு வரை உருகும்வரை முதல் முறை எரியவிடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மின்விசிறிக்கு அடியில் வைத்தால் சுடர் ஆடிக் கரி பிடிக்கும்.

பின்சேர்க்கை: காய்ந்த ரோஜா இதழ் தூவலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், இதழ் இன்னொரு திரியாக எரியும். கிரேயான் கரைத்து நிறம் சேர்த்தவர்களுக்குச் சுடர் அணைந்து அணைந்து போகக் காரணம், அதன் நிறத்தூள் திரியை அடைப்பதுதான். மெழுகுக்கான சாயம் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்ச மெழுகை சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். சூடு இருக்கும்போதே பாத்திரத்தைப் பழைய செய்தித்தாளால் துடைத்துக் குப்பையில் போட்டுவிடலாம்.