கேரவனில் சாக்கடை நாற்றமா? ஒரு குவளை தண்ணீர் போதும்

கேரவனை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய் மாதக்கணக்கில் கழித்துத் திரும்பினால், அதன் சிங்க்கிலும் குளியலறைத் துவாரத்திலும் முதலில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுங்கள். அடியில் வளைந்திருக்கும் குழாயில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் கழிவுத் தொட்டியின் நாற்றத்தை மேலே வரவிடாமல் தடுக்கிறது. மதுரைச் சித்திரை வெயிலில் அது சீக்கிரமே வற்றிவிடும். அடுத்த முறை வண்டியை நிறுத்திவிட்டுக் கிளம்பும்போது தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு ஸ்பூன் எண்ணெயும் விடுங்கள். எண்ணெய்ப் படலம் தண்ணீர் ஆவியாவதை வெகுவாகக் குறைக்கும். வண்டியைக் கொடைக்கானலில் நிறுத்துபவர்களுக்குத் தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம், 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்!

வளைகுழாய்க்குப் பதில் ரப்பர் வால்வு உள்ள வண்டிகளுக்கு இது உதவாது. தண்ணீர் ஊற்றியும் நாற்றம் போகவில்லையென்றால் தொட்டியைக் காலி செய்து கழுவத்தான் வேண்டும்.