திப்புவின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் வேலூரில் இருந்தபடி அறிவது எப்படி?

திப்பு சுல்தானின் வரலாற்றை நேரில் கண்டு அறிய விரும்புவோர் பெரும்பாலும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கே செல்கிறார்கள். ஆனால் அவரது பெயர் வந்த இடமும், அவரை வீழ்த்திய படை திரண்ட இடமும் நம் வட ஆற்காட்டிலேயே இருப்பதால், ஒரு பகல் பொழுதை ஒதுக்கினால் அந்த வரலாற்றின் முதுகெலும்பை இங்கேயே பிடித்துவிடலாம்.

காலையில் ஆற்காட்டிலுள்ள திப்பு மஸ்தான் அவுலியா தர்காவிலிருந்து தொடங்குங்கள். 1750இல் தேவனஹள்ளியில் பிறந்த குழந்தைக்கு இந்த இறைநேசரின் பெயரைத்தான் சூட்டினார்கள். அன்று தந்தை ஹைதர் அலி அரசர் அல்லர், மைசூர்ப் படையில் பணியாற்றிய ஒரு வீரர். மைசூரின் அதிகாரம் அவர் கைக்கு வந்தது 1761இல்தான். பரம்பரை உரிமையால் அன்றி, படைபலத்தால் எழுந்த ஆட்சி இது என்பதை மனத்தில் இருத்திக்கொண்டு புறப்படுங்கள்.

நேரமிருந்தால் சோளிங்கருக்கும் சென்று வாருங்கள். 1781 செப்டம்பர் 27 அன்று கும்பினியின் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின்) தளபதி அயர் கூட்டின் படையிடம் ஹைதர் தோற்றது அங்கேதான்.

மீதிப் பொழுதை வேலூர்க் கோட்டைக்கே கொடுங்கள். உள்ளே நுழைவதற்கு முன், அகழியின் கரையில் நின்று மதிலை நிதானமாகப் பாருங்கள்: தாழ்ந்த வெளிமதில், அதற்குப் பின்னால் உயர்ந்து நிற்கும் உள்மதில், நீரை ஒட்டி அடுக்கப்பட்ட கருங்கற்கள். 1780இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் ஹைதரும் திப்புவும் கும்பினிப் படையை நொறுக்கினார்கள். அதே ஆண்டு ஆற்காடும் அவர்கள் வசமானது. ஆனால் நீண்ட முற்றுகைக்குப் பிறகும் இந்தக் கோட்டை மட்டும் பணியவில்லை. 1782 டிசம்பரில் சித்தூர் அருகே பாசறையில் ஹைதர் இறந்தபோதும் வேலூர் கும்பினியிடமே இருந்தது. திப்புவின் வீழ்ச்சிக்கான காரணங்களில் இதற்கு உரிய இடம் தரப்படவில்லை என்றே நான் கருதுகிறேன், ஏனெனில் 1799இல் கும்பினியின் ஜெனரல் ஹாரிஸின் பெரும்படை மைசூரை நோக்கிப் புறப்பட்டது இதே வேலூரிலிருந்துதான்.

இடையில், போரில் தோற்ற திப்பு கும்பினித் தரப்புடன் செய்துகொண்ட 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையையும் மறக்க வேண்டாம். பாதி நாட்டையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டு, இரண்டு மகன்களைப் பிணையாகவும் அனுப்பியவரால் முன்போல ஒரு படையைத் திரட்ட முடிந்திருக்காது. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போரிட்டே அவர் மடிந்தார்.

பிறகு கோட்டைக்குள் சென்று திப்பு மகால், ஹைதர் மகால் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். ஹைதரால் பிடிக்க முடியாத கோட்டையிலேயே அவருடைய பேரப்பிள்ளைகள் காவலில் வைக்கப்பட்டார்கள். 1806 ஜூலை 10 அன்று கும்பினிப் படையின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மைசூர்க் கொடியை இங்கே ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து விரைந்து வந்த ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே அதை அடக்கியது. அதன் பின் திப்புவின் மகன்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். கோட்டைக்கு வெளியே மக்கானில் அந்தச் சிப்பாய்களுக்கு எழுப்பப்பட்ட நினைவுத்தூணையும், நகரிலேயே உள்ள திப்பு குடும்பத்தாரின் கல்லறைகளையும் இருட்டுவதற்குள் பார்த்துவிடுங்கள்.