திருநவேலி தரைக்கு முதல் மவுண்டன் சைக்கிள்: எப்படிப் பாத்து எடுக்கணும்

கியர் சைக்கிள் எடுக்கப் போறேன், எத எடுக்கன்னு தம்பிமாரு ரெண்டு மூணு பேரு கேட்டுட்டாங்க, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிப் போட்டுருதேன். பாதி முடிவ வீட்டுலயே எடுத்துட்டுப் போங்க, கடையில போயி நின்னா கலரும் ஸ்டிக்கரும்தான் கண்ணுக்குத் தெரியும்.

முதல்ல எங்க ஓட்டப் போறீங்கன்னு யோசிங்க. மணிமுத்தாறு செக்போஸ்ட்டுக்கு மேல புலிகள் காப்பகம், வனத்துறை அனுமதி இல்லாம அங்க போகக் கூடாது. தினப்படி நமக்குக் கிடைக்கிறது குளத்துக்கரை, பொத்தை, அதாவது சின்னப் பாறைக் குன்னு, அதோட அடிவாரம், வள்ளியூர் பணகுடி பக்கம் கரண்டு எடுக்கிற காத்தாடிக்குப் போற சரள் ரோடு, மானூர் பக்கம் கரிசக்காட்டு வண்டித்தடம், இவ்வளவுதான். திசையன்விளை தேரி, அதாவது செம்மணல் மேடு, அது மட்டும் வேற கணக்கு, சாதா டயர் புதைஞ்சு நின்னுரும், அதுக்குன்னு 4 இஞ்ச் டயர் வச்ச வண்டி எடுத்தா மத்த ரோட்டுல மிதிச்சு மாளாது, அதனால இப்போதைக்குத் தேரி வேண்டாம்.

இந்தத் தரைக்கு ஹார்டுடெயில் போதும், அதாவது முன்னால மட்டும் சஸ்பென்ஷன். நான் முதல்ல எடுத்தது பின்னாடியும் ஸ்பிரிங் வச்ச இரும்பு வண்டி, 18 கிலோ. பொத்தை ஏத்தத்துல ஒவ்வொரு மிதிக்கும் சீட்டு அமுங்கி அமுங்கி வரும், காலு பலமெல்லாம் ஸ்பிரிங்குக்கே போயிரும், நடுவுல பாறை கெடந்தா தூக்கித் தாண்டவும் முடியாது, வெயில்ல வண்டியத் தள்ளிக்கிட்டே எறங்கி வந்த நாளெல்லாம் இருக்கு. நல்ல ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி அருமையா இருக்கும், ஆனா விலை லட்சத்துக்கு மேல போகும். கம்மி விலையில பின் ஸ்பிரிங் தாரேன்னா வேண்டாம்னுருங்க. அலுமினிய ஃப்ரேம் ஹார்டுடெயில் 14, 15 கிலோவுல கிடைக்கும்.

அடுத்தது அளவு, இதுலதான் நெறைய பேரு ஏமாறுதாங்க. வெறுங்காலோட சுவத்துல சாஞ்சு நின்னு, ரெண்டு தொடைக்கு நடுவுல ஒரு கெட்டி அட்டைப் புஸ்தகத்த நல்லா மேல ஏத்திப் பிடிச்சு, தரையில இருந்து அதோட மேல் விளிம்பு வரைக்கும் டேப் வச்சு அளங்க. வண்டியோட மேல் பைப்பு அந்த அளவவிட 5 சென்டிமீட்டராவது கீழ இருக்கணும், சரள்ல திடீர்னு கால ஊணும்போதுதான் இதோட அருமை தெரியும். அஞ்சரை அடி ஆளுக்குப் பொதுவா மீடியம், 17 இஞ்ச் ஃப்ரேம் சரியா வரும். சக்கரம் 29 இஞ்ச் எடுத்தா கல்லு மேல சுளுவா உருண்டு போயிரும், ஆளு கொஞ்சம் குட்டைன்னா 27.5 எடுங்க.

கடையில செய்ய வேண்டிய சோதனை ஒண்ணு இருக்கு. முன் பிரேக்கப் பிடிச்சுக்கிட்டு ஹேண்டில்பார்ல ரெண்டு கையையும் ஊணி நல்லா அமுக்குங்க. ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தப் பிடிச்சிருக்கிற கவட்டை, இறங்கிட்டுப் பைய மேல வரணும், பந்து மாதிரி எகிறி வந்துச்சுன்னா உள்ள வெறும் ஸ்பிரிங்தான், சரள்ல கை ரெண்டும் மரத்துப் போயிரும். 100 மில்லிமீட்டர் இறங்குற ஃபோர்க் நமக்குத் தாராளம்.

பிரேக் கண்டிப்பா டிஸ்க். மழையில கரிசல் மண்ணு சக்கரத்துல அப்புச்சுன்னா ரிம்மப் பிடிக்கிற பிரேக்கு ரப்பர் மண்ணத்தான் பிடிக்கும். கையில காசு இருந்தா எண்ணெய் அழுத்தத்துல பிடிக்கிற ஹைட்ராலிக், ஒரு விரல்ல நிக்கும், இல்லன்னா கேபிள் டிஸ்க்கும் போதும்.

கியர் 21 இருக்கு, 24 இருக்குன்னு எண்ணிக்கையப் பாக்காதீங்க. பின் சக்கரத்துல இருக்கிற பல்சக்கரக் கொத்து ஃப்ரீவீலா கேசட்டான்னு மட்டும் கேளுங்க. ஃப்ரீவீல்னா பேரிங் உள்ள தள்ளி இருக்கும், ஆக்ஸிலோட ஒரு பக்கத்துக்குத் தாங்கல் இருக்காது, ரெண்டு மூணு தடவ குதிச்சா வளைஞ்சுரும். கேசட்னா பேரிங் ஓரத்துலயே இருக்கும், தாங்கும்.

டயரு 2.2 இஞ்ச் பக்கம் இருக்கட்டும், நல்லா பட்டன் பட்டனா உள்ளது. நம்ம ஊருல பெரிய எதிரி உடைமுள்ளுதான், குளத்துக்கரை பூராவும் சீமைக்கருவேலம், வெட்டிப் போட்ட முள்ளு தடத்துலயே கெடக்கும். டியூப்லெஸ் ஆக்கி உள்ள சீலண்ட், அதாவது ஓட்டைய அடைக்கிற திரவம், ஊத்திக்கிற மாதிரி ரிம் அமைஞ்சா ரொம்ப நல்லது, சின்ன முள்ளு ஓட்டைய அதுவே அடைச்சுரும். டியூப்புன்னா மோட்டார்சைக்கிள்ல உள்ள மாதிரி தடிமனான வால்வு கேட்டு வாங்குங்க, எந்தப் பஞ்சர் கடையிலயும் காத்து பிடிக்கலாம், ஒல்லி வால்வுன்னா தனியா அடாப்டர் தூக்கிட்டு அலையணும். காத்து 30 பிஎஸ்ஐ பக்கம் போதும், அண்ணாச்சி கல்லு மாதிரி அடிச்சு விட்டாருன்னா கொஞ்சம் எறக்கிருங்க, இல்லன்னா சரள்ல டயரு பிடிக்காது.

வண்டி எடுத்த பொறவு ரெண்டு மூணு வாரத்துல கேபிள் இழுபடும், போல்ட்டும் தளரும், ஒரு தடவ கடையில கொண்டு போயி முறுக்கிட்டு வந்துருங்க. பையில பம்பு, ஒரு டியூப்பு, டயரக் கழட்டுற நெம்புகோல் (டயர் லீவர்), சின்ன இடுக்கி எப்பவும் இருக்கட்டும். பஞ்சரானா அவசரப்பட்டு புது டியூப்ப மாட்டிராதீங்க, ஒரு பழந்துணியச் சுருட்டி டயருக்கு உள்பக்கமா சுத்தித் தடவிட்டு வாங்க, நூலு எங்க மாட்டுதோ அங்கதான் முள்ளு முனை ஒடிஞ்சு நிக்கும், அத இடுக்கியால பிடுங்கி எறிஞ்சுட்டு மாட்டுங்க.